ஓலைப் பெட்டியும் ஒரு கலைப்பொருளே

(இரண்டாம் ஆண்டு இளமறிவியல் மாணவி, தாவரவியல் துறை)

கலை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது எது? மேடையில் ஆடும் நாட்டியம், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கும் செப்புத் திருமேனிகள், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் ஓவியங்கள் ஆகியவைதாம். சுற்றுலா என்றால் ஊட்டியும் கொடைக்கானலும். வீட்டு அலங்காரம் என்றால் தொலைக்காட்சி விளம்பரத்தில் வருகிற வரவேற்பறை. ஆகவே இம்மூன்றும் கையில் காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். "முதல்ல படிச்சு ஒரு வேலைக்குப் போ; ரசிக்கிறதெல்லாம் பெறகு" என்பது எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனவே இந்த அறிவுரை மற்றவர்களைவிட எனக்குச் சற்று அதிகமாகவே வழங்கப்பட்டிருக்கிறது. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரசனைக்கும் சம்பளத்துக்கும் முடிச்சுப் போடுவதுதான் எனக்குப் புரியவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்கு அப்படி முடிச்சுப் போடத் தேவையே இல்லை என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

ரசனையையே பட்டமாகப் பெற்ற ஒருவர் நம் நெல்லைச் சீமையில் வாழ்ந்தார். அவர்தாம் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். வழக்கறிஞருக்குப் படித்தவர், பெயர் பெற்றதோ கவிதையைச் சுவைத்துச் சொல்லும் திறத்தால். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவருடைய வீட்டு முற்றத்தில் மாலை வேளைகளில் நண்பர்கள் கூடுவார்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்த்து, அதன் ஓசையையும் பொருளையும் அனுபவிப்பார்கள். வட்டமாக அமைந்த அந்தத் தொட்டிக்கட்டு முற்றத்தின் பெயரே கூட்டத்துக்கும் பெயராகி, 'வட்டத்தொட்டி' என்று இன்றளவும் பேசப்படுகிறது. ஒரு வீட்டின் அமைப்பு ஓர் இலக்கிய இயக்கத்துக்கே பெயர் கொடுத்த செய்தி வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. டி. கே. சி. 1954இல் மறைந்தார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம், என் அறிவுக்கு எட்டிய வரையில், ஒன்றே. பத்துப் பொருளை ஒரு முறை பார்ப்பதைவிட ஒரு பொருளைப் பத்து முறை பார்ப்பதே ரசனை.

அந்த வட்டத்தில் பழகியவர்களுள் ஒருவர் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் (1904 - 1965). இவரும் நெல்லைக்காரர், வருவாய்த் துறையில் அதிகாரியாக இருந்தவர். அரசு வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர்கள் பொதுவாகக் கோப்புகளைப் பார்ப்பார்கள். இவர் கோயில்களையும் பார்த்தார். அப்படிப் பார்த்தவற்றை 'வேங்கடம் முதல் குமரி வரை' என்ற தலைப்பில் எழுதி வைத்தார். தஞ்சையில் பணியாற்றியபோது, கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் திரட்டி, 1951இல் அரண்மனையில் கலைக்கூடம் தோன்ற முன்நின்று உழைத்தவரும் இவரே. பயணத்துக்குத் தனியாக விடுமுறையும் தனியாகப் பணமும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இவர் வாழ்க்கையே மறுமொழி.

நமக்கும் அப்படி ஒரு பயணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து நெல்லை செல்லும் பேருந்தில் ஏறி, சன்னல் ஓரமாக உட்கார்ந்தாலே போதும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தூங்காமல் போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. (பரீட்சை நாளில் கடைசி நேரப் படிப்புக்காகப் பேருந்தை நம்பியிருப்பவர்களை விட்டுவிடுகிறேன்.)

ஏறுமுன் நம் ஊர்க் கோபுரத்தையே ஒரு முறை நின்று பாருங்கள். கிழக்கே கடல் இருப்பதால், ஒன்பது நிலை இராசகோபுரம் மேற்கே எழுந்து நிற்கிறது. பழைய கோயில் மணற்கல்லால் ஆனது. உப்புக் காற்று அதை அரித்தெடுக்க, சென்ற நூற்றாண்டில் கருங்கல்லால் புதுப்பித்தார்கள். அந்த மணற்பாறை எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்பினால் கடலோரம் வள்ளிக்குகைப் பாறையைப் பாருங்கள். அடுக்கடுக்காக, கை வைத்தால் உதிர்ந்துவிடுமோ என்று ஐயுறும்படி, காற்றே செதுக்கிய சிற்பம் அது. 2025 சூலை 7இல் நடந்த குடமுழுக்குக்கு வந்த இலட்சக்கணக்கானோருள் எத்தனை பேர் அதை நின்று பார்த்திருப்பார்களோ!

பேருந்து புறப்பட்டதும் முதலில் பனை. பிறகு தென்திருப்பேரைப் பக்கம் வரும்போது வாழையும் நெல்லும். செம்மண் தேரியும் பச்சை வயலும் இவ்வளவு நெருங்கி நிற்பதை நாம் பிறந்தது முதல் பார்ப்பதால்தான் அது நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை. அடுத்து ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வாரோடு சேர்த்துப் பேசப்படும் புளியமரம் உள்ள ஊர். அதற்கப்பால் ஆதிச்சநல்லூர். 1876இல் யாகோர் என்ற செர்மானியர் தோண்டத் தொடங்கி, பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி விரிவாக அகழ்ந்த முதுமக்கள் தாழிக் காடு. அங்கே கிடைத்த வெண்கலக் கிண்ண மூடிகளின் உச்சியில் எருமையும் பறவையும் உருவங்களாக நிற்கின்றன. மூடிக்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி ஏன் வெறும் குமிழாக இருக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறான் அந்தக் கொல்லன். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவதை அவன் எனக்கு முன்பே, ஏட்டில் எழுதாமல், வெண்கலத்தில் சொல்லிவிட்டான். தோண்டிய குழிகளை அப்படியே காணும் தள அருங்காட்சியகம் அங்கே 2023இல் திறக்கப்பட்டிருக்கிறது.

பாளையங்கோட்டை வருவதற்குச் சில கிலோமீட்டர் முன்பு, சாலையோரம் கிருஷ்ணாபுரம். அங்கே மட்டும் இறங்கிவிடுங்கள். வேங்கடாசலபதி கோயில், பதினாறாம் நூற்றாண்டில், மதுரை நாயக்கரான கிருஷ்ணப்பர் காலத்தது. மண்டபத் தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேலான சிலைகள். தூணும் சிலையும் ஒரே கல். மன்மதன், அன்னத்தின் மேல் இரதி, கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரன் எனப் பலர் நிற்கிறார்கள். நான் முதல் முறை போனபோது எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் பார்த்து முடித்தேன். இரண்டாம் முறை, டி. கே. சி. முறையில், ஒரே சிலையின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அரசகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவன் சிலை அது.

முதலில் தெரிந்தது கதை. பிறகு அவனுடைய கால்கள். பாரம் தூக்கியவன் கால் எப்படி ஊன்றுமோ அப்படி ஊன்றியிருக்கிறது. அடுத்து விலா எலும்புகள். மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறான் என்று தோன்றும்படி அவை புடைத்து நிற்கின்றன. நரம்பு தெரிகிறது, நகம் தெரிகிறது. என் தந்தை பனையேறுகிறவர். கலயத்தோடு அவர் மரத்திலிருந்து இறங்கித் தரையில் கால் வைக்கும் கணத்தில் அவர் கெண்டைக்காலில் தோன்றும் முறுக்கை அந்தக் கல்லில் பார்த்தேன். சிற்பி அரசவையைப் பார்த்துச் செதுக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. உழைக்கிறவர்களைத்தான் அவன் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். அரசகுமாரியைவிடக் குறவனிடம் அவன் உளி அதிக நேரம் தங்கியிருக்கிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாதாடலாம்.

இப்படி ஒரு முறை பழகிய கண், வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. வாசல் கோலத்தில் புள்ளிகளுக்கு நடுவே கோடு வளையும் இடத்தைக் கவனிக்கிறது. சந்நிதித் தெருக் கடைகளில் தொங்கும் சிப்பி மாலைகளில் எது நல்ல வேலை, எது அவசர வேலை என்று பிரித்துப் பார்க்கிறது. இங்கேதான் வீட்டு அலங்காரம் என்ற பொருளுக்கு வருகிறேன்.

சப்பானியர் இதில் நமக்கு நல்ல வழிகாட்டிகள். அவர்களுடைய மரபான வீட்டில் தரை முழுவதும் கோரை போன்ற ஒரு செடியால் நெய்த 'தத்தாமி' என்ற பாய் விரிந்திருக்கும். அறையின் அளவையே பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள்: நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை என்று. அறையின் ஒரு மூலையில் சற்றே உயர்ந்த மாடம்; அதில் ஒரு தொங்கு ஓவியம், ஒரு பூ. பருவம் மாறும்போது அதையும் மாற்றுவார்கள். அவ்வளவே அலங்காரம். அந்த நாட்டில் யானகி சோயெட்சு (1889 - 1961) என்ற அறிஞர், பெயர் தெரியாத தொழிலாளர் அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்த கிண்ணமும் கூடையும் துணியும்தாம் உண்மையில் அழகானவை என்று வாதாடினார். 'மக்கள் கைவினை' என்னும் பொருள்படும் 'மிங்கெய்' என்ற சொல்லைத் தம் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1936இல் தோக்கியோவில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகத்தையும் நிறுவினார். வெண்கல மூடிக்கு எருமையை வைத்த நம் ஆதிச்சநல்லூர்க் கொல்லனை அவருக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பாய் என்றதும் நமக்குப் பத்தமடை நினைவு வராமல் இருக்குமா? நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் சாலையில் உள்ள ஊர். சென்ற ஆண்டு வகுப்புத் தோழியர் இருவரோடு போயிருந்தேன். தாவரவியல் மாணவி என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கோரையைப் புல் என்று சொல்வது வழக்கமே தவிர, அது புல் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, சைபரேசி என்ற வேறு குடும்பம். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லின் தண்டு பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். கோரைத் தண்டின் உள்ளே நெட்டி நிறைந்திருக்கும்.

ஆற்றோரத்திலும் வாய்க்காலோரத்திலும் வளரும் இந்தக் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துகிறார்கள். மெல்லிய பாய்க்கு வேண்டிய கோரையை ஓடும் ஆற்று நீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, மேலும் மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். பிறகு சாயம். முன்பு பதிமுகக் கட்டை போன்றவற்றிலிருந்து எடுத்த சாயம். பின்னர் கடைச் சாயம் வந்துவிட்டது. பாவுக்குப் பருத்தி நூல். பாவு நூலின் எண்ணிக்கை கூடக்கூடப் பாய் மெல்லிதாகும். நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது என்று அந்த எண்ணாலேயே பாயைக் குறிப்பிடுவார்கள். மிக மெல்லிய பாயைப் பட்டுப்பாய் என்பார்கள். கையில் எடுத்தால் துணிபோல் குழைகிறது. திருமணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருகிறார்கள். இத்தொழிலில் பெரும்பாலும் ஈடுபட்டிருப்பவர்கள் அவ்வூர் இசுலாமியப் பெண்கள். 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாங்கள் பார்த்த அக்கா ஒருவர் தறி முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு கோரையைச் செலுத்தி, அச்சை இழுத்து ஒரு தட்டுத் தட்டி, மறு கோரையை எடுத்துக்கொண்டிருந்தார். "ஒரு பட்டுப்பாய்க்கு எத்தனை நாளாகும் அக்கா?" என்று கேட்டோம். "நாளா? வாரத்துல கேளு" என்றார், தலையை நிமிர்த்தாமல். மூன்று பேரும் காசு சேர்த்து வாங்கியது பட்டுப்பாய் அன்று. சாதாரண நடுத்தரப் பாய்தான். பட்டுப்பாயின் விலை எங்களைப் போன்றோர்க்குக் கட்டுபடியாகாது. அந்த விலையிலும் நெய்கிறவர் கைக்குப் போதிய கூலி போய்ச் சேருகிறதா என்று கேட்டால், அதற்கும் அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

இனி பனைக்கு வருகிறேன். அது என் வீட்டுக் கதை.

நம் தேரிக்காட்டுப் பனையோலையின் சிறப்புக்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு. பனை ஒருவித்திலைத் தாவரம். ஓலையின் ஒவ்வொரு மடலிலும் நரம்புகள் இணையாக ஓடுகின்றன. ஆகவே நகத்தால் தொடக்கம் கொடுத்து இழுத்தால் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழியும். வேம்பின் இலையிலோ பூவரசின் இலையிலோ இது நடக்காது. அங்கே நரம்புகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. என் தாயாருக்கு 'இணைநரம்பமைப்பு' என்ற சொல் தெரியாது. ஆனால் குருத்தோலையை எத்தனை நாள் வெயில் காட்டுவது, ஈர்க்கை எப்படி உரிப்பது, எந்த அகலத்தில் வார்ந்தால் கடகப்பெட்டி, எந்த அகலத்தில் வார்ந்தால் மிட்டாய்ப் பெட்டி, சாய நீர் எவ்வளவு கொதித்ததும் ஓலையை முக்குவது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். அடிப்பகுதி சதுரமாகத் தொடங்கி, விளிம்புக்கு வரும்போது வட்டமாகிவிடும் பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த ஓலையில் எந்தத் திருப்பத்தில் சதுரம் வட்டமாகிறது என்று நான் இதுவரை கண்டுபிடித்ததில்லை. வடிவக் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள மணப்பாட்டில் பெண்கள் வண்ண ஓலையில் செய்யும் கூடைகளும் பெட்டிகளும் வெளியூர் மக்களால் விரும்பி வாங்கப்படுகின்றன. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021இல் அரசு, மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்தது. இத்தனையும் நல்ல செய்திகளே. ஆயினும் பனையேறியின் பிள்ளைகள் வீடு கட்டும்போது முதலில் வெளியே போவது ஓலைதான்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. சென்ற ஆண்டு ஓலைக் குடிசையைப் பிரித்துவிட்டு, அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் கான்கிரீட் வீடு கட்டினோம். மழைக்கு ஒழுகாத கூரையின் கீழ் முதல் இரவு என் தந்தை தூங்காமல் விழித்திருந்தார். குடிசை அழகு என்று எழுதும் கதாசிரியர்கள் ஐப்பசி மாதம் ஓரிரவு அதில் படுத்துப் பார்க்க வேண்டும். ஓலைக் கூரை போனதில் எனக்குக் கடுகளவும் வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். சுவருக்கு வெள்ளையடித்து முடித்ததும், உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கண்ணாடி வைத்த 'ஷோகேஸ்' ஒன்று, அதில் பிளாஸ்டிக் பூ, நெகிழிக் குதிரை இரண்டு. பழைய பெட்டிகளையும் சுளகையும் பின்பக்கம் போட்டுவிடலாம். "புது வீட்டுல இது எதுக்கு? ஆளு வந்தா என்ன நெனைப்பாவ?" என்றார் அத்தை. அந்தக் கேள்வி சாதாரணமானதன்று. ஓலைப் பெட்டி என்றால் பனையேறி வீடு; பனையேறி வீடு என்றால் இன்னது என்று ஊர் கணக்குப் போட்ட காலத்தை அத்தை வாழ்ந்து கடந்தவர். அந்தக் கணக்கிலிருந்து வெளியேறத்தான் என்னைக் கல்லூரிக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே நான் யானகியைப் பற்றி அங்கே சொற்பொழிவு ஆற்றவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: "அத்தை, அந்தக் குதிரையை யாரு செஞ்சான்னு நம்மால சொல்ல முடியாது. இந்தப் பெட்டியை யாரு செஞ்சான்னு கேட்டா, அம்மையைக் காட்டலாம்."

ஷோகேஸ் வாங்கும் காசில் அப்போது தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட வேண்டியிருந்ததால் என் கட்சி வென்றது. கொள்கை வென்றதா, காசு வென்றதா என்ற ஆராய்ச்சி வேண்டாம்.

இப்போது எங்கள் முன்னறை இப்படி இருக்கிறது. தரையில் பத்தமடைப் பாயில் என் முறைக்கான நான்கு மாதம். (மூவர் வாங்கியது, ஆண்டை மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டோம்.) சுருட்டி வைக்கும்போது ஈரமில்லாமல் நிழலில் உலர்த்திச் சுருட்ட வேண்டும், மடித்தால் கோரை முறியும். மூலையில் தண்ணீர்ப் பானை. சுவரில் ஒரே ஓர் ஆணி. சப்பானியர் மாடத்தைப்போல் அதில் ஒரு பொருள்தான். பருவத்துக்கு ஒன்றாக மாற்றுவதாகத் திட்டம். முதலில் தொங்கவிட்டது என் தாயார் சிவப்பும் பச்சையும் கலந்து முடைந்த மூடிப்பெட்டி. சாளரத்தின் வெளிச்சம் மாலையில் அதன் மேல் சாய்வாக விழும். அப்போது ஒவ்வோர் ஓலையும் தன் நிழலோடு தனித்தனியே எழுந்து நிற்கும். என் தோழியர் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். விலைக்குக் கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்களிடம் தாயார் சொன்ன விலை, ஒரு நாள் சித்தாள் கூலியில் பாதிகூட வராது. நான் குறுக்கிட்டு இரண்டு மடங்கு சொன்னேன். கலை என்று புகழ்ந்துவிட்டு விலையில் பேரம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அதில் என் தோழியரும் அடக்கம். வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

என் தாயாருக்கு இதிலெல்லாம் முழு உடன்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். ஓலை அவருக்கு அழகுப்பொருளன்று. விரல் நுனியைக் கிழிக்கும் பிழைப்பு. சென்ற மாதம் கல்லூரியிலிருந்து திரும்பியபோது ஆணி வெறுமையாக இருந்தது. பெட்டி அடுக்களையில், புளி நிறைந்து. கேட்டால், "ஏட்டி, ஆணியில தொங்கவா நான் பெட்டி முடைஞ்சேன்? புளி வைக்க வேற பெட்டி எங்க கெடக்கு?" என்றார். நான் ஆணியைப் பிடுங்கி, அடுக்களைச் சுவரில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்தேன். பெட்டி இப்போது புளியோடு அங்கே தொங்குகிறது. மாலை வெயில் அந்தச் சுவருக்கு வருவதில்லை. காலை வெயில் வருகிறது.